குறையை எங்கே சொல்வது?

மழை பெய்து நான்கு நாட்களாகியும் தெருவில் தேங்கிய நீர் வடியவில்லை. குழாயடியில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். தேநீர்க் கடையில் பேசுகிறார்கள். கோயில் திண்ணையிலும் பேசுகிறார்கள். "கேட்பாரில்லை" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உண்மையிலேயே கேட்பாரில்லையா, அல்லது கேட்க வேண்டியவரிடம் எவரும் போய்ச் சொல்லவில்லையா என்று வினவுவாரைக் காண்பது அரிது. நம் நாட்டில் எந்த மாநிலத்துக் கிராமத்திற்குச் சென்றாலும் இக்காட்சியைக் காணலாம்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். ஆனால் எவரிடம் அழுவது, எவர் முன்னிலையில் அழுவது, அழுததற்குச் சான்று என்ன என்பதைப் பழமொழி சொல்லவில்லை. இம்மூன்றையும் பற்றியே இங்கே சிறிது ஆராய்வோம்.

முற்காலத்தில் குடிமக்கள் தம் குறைகளை மனுவாக எழுதி, முகாமிட்டிருக்கும் அதிகாரியின் முன் கைகட்டி நின்றார்கள். அதிகாரி மனமிரங்கினால் கிணறு வெட்டப்படும். இரங்காவிட்டால் அடுத்த ஆண்டு மீண்டும் மனு. மனு என்பது அன்று ஒரு யாசகம். ஏன் செய்யவில்லை என்று கேட்கும் உரிமை மனுதாரருக்குக் கிடையாது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் இந்த மனப்பான்மை எளிதில் மறையவில்லை.

அரசியல் சட்டத்தை வகுத்த பெரியோர்களுக்குள் கிராமத்தைப் பற்றி ஒரே கருத்து இருக்கவில்லை. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் நகல் சட்டத்தை முன்வைத்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், கிராமம் குறுகிய பற்றுகளுக்கும் அறியாமைக்கும் வகுப்பு உணர்ச்சிக்கும் இருப்பிடம் என்று கடிந்துரைத்தார். அதே மாதம் 22ஆம் தேதி, தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம், கிராமப் பஞ்சாயத்துகளை அமைப்பதை அரசின் கடமையாக்கும் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். அதுவே இன்று அரசியல் சட்டத்தின் 40ஆவது ஷரத்தாக விளங்குகிறது. ஊரார் கூடித் தம் காரியங்களைத் தாமே கவனிக்க வேண்டும் என்ற ஆசையும், அவ்வூரில் எளியவன் குரல் எடுபடுமா என்ற ஐயமும் ஒரே மாதத்தில் ஒரே மன்றத்தில் ஒலித்தன. கிராம ஆட்சியைப் பற்றிச் சிந்திப்போர் இவ்விரண்டையும் மறத்தலாகாது.

பல்வந்தராய் மேத்தா குழு 1957இல் தன் அறிக்கையை அளித்தது. 1959 அக்டோபர் 2ஆம் தேதி ராஜஸ்தானத்து நாகௌரில் பிரதமர் நேரு பஞ்சாயத்து ராஜ்யத்தைத் தொடங்கிவைத்தார். எனினும் பல மாநிலங்களில் தேர்தல்கள் ஒத்திப் போடப்பட்டன. பஞ்சாயத்துகள் பெயரளவில் நின்றன. 1992இல் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தச் சட்டமே இந்நிலையை மாற்றியது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயமாயிற்று. கிராம சபைக்கும் அரசியல் சட்டத்தில் இடம் கிடைத்தது.

கிராம சபைக்கும் கிராமப் பஞ்சாயத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. பஞ்சாயத்து என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரைக் கொண்டது. கிராம சபையோ அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரையும் கொண்டது. அதற்கு எவரும் எவரையும் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டியதில்லை. வயல் வேலை செய்யும் பெண்மணியும் அதில் உறுப்பினர்; அவ்வயலின் சொந்தக்காரரும் அதில் உறுப்பினர். ஆகவே சபையில் எழுந்து தெருச் சாக்கடையைப் பற்றிப் பேசுகிறவர் தயவை நாடி வந்த மனுதாரர் ஆகமாட்டார். தாம் உறுப்பினராக உள்ள மன்றத்திலேயே அவர் பேசுகிறார்.

இனி, எவரிடம் சொல்வது என்ற முதற் கேள்விக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணை, பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத் தக்க 29 துறைகளைக் குறிப்பிடுகிறது. குடிநீர், சாலை, சிறுபாலம், சுகாதாரம், ஆரம்பக் கல்வி ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆனால் எவற்றை எந்த அளவிற்கு ஒப்படைப்பது என்பதை அந்தந்த மாநிலச் சட்டசபையின் முடிவிற்கு விட்டிருக்கிறார்கள். இதனால் ஒரு மாநிலத்தில் பஞ்சாயத்தே பார்க்கும் வேலையை மற்றொன்றில் தனி இலாகா ஒன்று பார்க்கிறது. நிலத்தின் எல்லை, பட்டா, புறம்போக்கு ஆக்கிரமிப்பு ஆகியவை பொதுவாக வருவாய்த் துறையைச் சேர்ந்தவை. வட இந்தியாவில் பட்வாரி என்பவர், நம் பக்கத்துப் பழைய கர்ணத்தைப்போல, அக்கணக்குகளை வைத்திருக்கிறார். சர்பஞ்ச் எனப்படும் பஞ்சாயத்துத் தலைவரிடம் நில அளவையைப் பற்றியும், பட்வாரியிடம் தெரு விளக்கைப் பற்றியும் முறையிட்டுவிட்டு, ஒருவரும் செய்யவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. குறை எவர் பொறுப்பைச் சேர்ந்தது என்று அறிந்துகொள்வதே பாதி வெற்றி.

இரண்டாவது, எப்படிச் சொல்வது என்பது. இதற்கு ராஜஸ்தானத்து ஏழைத் தொழிலாளர் நாட்டிற்கே ஒரு பாடம் கற்பித்தார்கள். நேயர்கள் அந்த வரலாற்றை அறிந்திருப்பது நன்று.

அம்மாநிலத்தின் நடுப்பகுதி வறட்சி மிகுந்தது. பஞ்ச நிவாரணமாகச் சாலை போடுதல், குளம் வெட்டுதல் போன்ற வேலைகளை அரசாங்கம் நடத்தும். அங்கு வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படி உரிய குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், நீங்கள் செய்த வேலை குறைவு என்று பதிவேடு சொல்கிறது என்றார்கள். அப்படியானால் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றார்கள் தொழிலாளர்கள். அது அரசாங்க ரகசியம் என்று மறுமொழி வந்தது. குறையைச் சொல்லும் வாய் இருந்தது. அதை மெய்ப்பிக்கும் ஏடு மற்றவர் பெட்டியில் இருந்தது. அதுவே சிக்கலின் முடிச்சு.

1990இல் அருணா ராய் முதலியோரும் அப்பகுதி உழவர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து, மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தோற்றுவித்தனர். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் பொது விசாரணையை நடத்தினார்கள். இதில் நீதிபதியும் இல்லை, வக்கீலும் இல்லை. எப்படியோ பெற்ற கூலிப் பட்டியல்களையும் செலவுச் சீட்டுகளையும் ஊரார் முன்னிலையில் உரக்கப் படித்தார்கள். அவ்வளவே. பெயர் படிக்கப்பட்டவர் எழுந்து, நான் அங்கே வேலை செய்யவில்லையே என்றார். இத்தகைய விசாரணைகளில், நடக்காத வேலைகள் நடந்ததாகவும் வாங்காத சாமான்கள் வாங்கப்பட்டதாகவும் எழுதப்பட்டிருந்தது வெளிப்பட்டது. ஏட்டில் இருந்ததையும் ஊரில் இருந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்க ஊராரால் மட்டுமே முடியும் என்பது அன்று விளங்கிற்று.

1996 ஏப்ரலில் பியாவர் நகரில் இக்கோரிக்கைக்காக மக்கள் நாற்பது நாட்கள் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். நகரத்துக் காய்கறி வியாபாரிகளும் பிறரும் உணவுப் பொருள்கள் தந்து உதவினர். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதே அவர்கள் முழக்கம். 2000இல் ராஜஸ்தானம் தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2005இல் நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் நிறைவேறி, அக்டோபர் 12ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. கூலிப் பட்டியலைக் காட்டு என்று எழுத்தறியாத பெண்கள் எழுப்பிய கேள்வி நாட்டின் சட்டமாக வளர்ந்த கதை இது. அச்சட்டத்தின்படி, கேட்ட தகவலைப் பொதுவாக முப்பது நாட்களுக்குள் தர வேண்டும். கிராமப் பஞ்சாயத்தும் இதற்கு விலக்கன்று.

ராஜஸ்தானம் 2012இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, முறையீட்டின்பேரில் விசாரிக்கப்படும் உரிமையையே தனிச் சட்டமாக்கியது. முறையீடு கொடுத்தவருக்கு ரசீது தர வேண்டும்; பதினைந்து நாட்களுக்குள் அவரை அழைத்து விசாரிக்க வேண்டும்; முடிவை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. ரசீது என்பது அற்பமான தாள் என்று சிலர் எண்ணக்கூடும். வந்தது தெரியாது என்று ஒருவரும் சொல்ல முடியாதபடி செய்வது அந்தத் தாள்தான்.

மூன்றாவது கேள்வி, எவர் முன்னிலையில் சொல்வது என்பது. இங்கேதான் அம்பேத்கர் எழுப்பிய ஐயம் நம்மை மீண்டும் எதிர்ப்படுகிறது. சபை கூடும் இடம் மேட்டுத் தெருவில் இருந்தால், கடைக்கோடிச் சேரியிலிருந்து எத்தனை பேர் வருவர்? வந்தாலும், தமக்குக் கூலி கொடுப்பவர் முன்னே எழுந்து, எங்கள் தெருவிற்கு மட்டும் குழாய் வரவில்லை என்று சொல்லத் துணிவார்களா? நண்பகலில் கூட்டம் வைத்தால் வேலைக்குப் போன பெண்கள் எப்படி வருவார்கள்? ஊரில் தண்ணீர்க் குடத்தைச் சுமப்பவள் பெண். தண்ணீரைப் பற்றிச் சபையில் பேசுகிறவர் பெரும்பாலும் ஆண். இந்த முரண்பாடு நீங்காதவரை சபையின் தீர்மானங்கள் ஊரின் முழுக் குரலாகமாட்டா.

73ஆவது திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்களையும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு மக்கள்தொகை விகிதப்படி இடங்களையும் ஒதுக்கியது இக்காரணத்தாலேயே. தலைமைப் பதவியில் பெண் அமர்ந்திருக்க, அவர் கணவரே காரியங்களை நடத்தும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. எனினும் பதவியை ஏற்றுத் தாமே நடத்தப் பழகிக்கொண்ட பெண்களும் பலர். மகாராஷ்டிரத்தில் கிராம சபைக்கு முன்பாகப் பெண்கள் தனியே கூடிப் பேசச் சட்டம் வழி செய்திருக்கிறது. கேரளத்தில் பஞ்சாயத்துகள் மிகப் பெரியவையாதலால், ஒவ்வொரு வட்டாரத்திற்கும் தனியே கிராம சபை அமைத்து, மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் கூட்ட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். கூட்டம் சிறிதானால் கூச்சம் குறையும். பேசத் தயங்குகிறவர் நாவும் எழும்.

அதிகாரிகள் பக்கத்து நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும். பல கிராமப் பஞ்சாயத்துகளுக்குச் சொந்த வருவாய் மிகச் சிறிது. மேலிருந்து வரும் பணமும் பெரும்பாலும் குறிப்பிட்ட காரியத்திற்கென்றே வருகிறது. ஒரே செயலாளர் இரண்டு மூன்று பஞ்சாயத்துகளைக் கவனிக்கும் இடங்களும் உண்டு. அண்ணன் தம்பி வரப்புச் சண்டையைப் பொதுக் குறையாக்கிச் சபையில் கூச்சலிடுவோரையும் அவர்கள் சமாளிக்க வேண்டியிருக்கிறது. வீட்டு வரியைக் கட்டாமல் தெரு விளக்கு மட்டும் எரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. பணமில்லையென்றால் இல்லையென்று சபையில் கணக்கைக் காட்டிச் சொல்லும் தலைவரை ஊரார் நம்புவார்கள். கணக்கைக் காட்டாத தலைவர் உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

ஆகவே குறை சொல்லப் புகுவோர் சில முறைகளைக் கைக்கொள்வது நல்லது. சாக்கடை சரியில்லை என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தத் தெருவில், எவர் வீட்டிலிருந்து எவர் வீடு வரை, எத்தனை அடி, எந்தத் தேதி முதல் அடைத்துக் கிடக்கிறது என்று எழுத வேண்டும். ஒருவர் கையெழுத்தைவிடத் தெருவார் பதின்மர் கையெழுத்து வலிமையுடையது. நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் தேதியும் வாங்க வேண்டும். கிராம சபையில் அதைப் படித்துத் தீர்மானப் புத்தகத்தில் பதியும்படி கேட்க வேண்டும். கையொப்பம் இடுமுன் தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். வெற்றுப் பக்கத்தில் ஒருபோதும் கையெழுத்திடலாகாது. அடுத்த கூட்டத்தில், சென்ற முறைத் தீர்மானம் என்னவாயிற்று என்பதே முதற் கேள்வியாக இருக்க வேண்டும்.

இவை சிறிய காரியங்களே. ஆனால் தேங்கிய சாக்கடையிலிருந்து நோய் வருகிறது. நோயினால் கூலி போகிறது. சில வேளை குழந்தையின் உயிரும் போகிறது. ஆகையால் தெருச் சாக்கடையைச் சிறிய குறை என்று ஒதுக்குவதற்கில்லை.

நேயர்களே, உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை கூடும் நாளை விசாரித்து அறியுங்கள். தனியே செல்லாதீர்கள், அண்டை வீட்டாரையும், இதுவரை சபையில் வாய் திறவாத ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். முதலில் அவரைப் பேசவிடுங்கள். திண்ணையில் பேசியது காற்றோடு போகும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதற்கு எவரேனும் ஒருவர் ஒருநாள் பதில் சொல்லியே ஆகவேண்டும்.