வலி நின்றுவிட்டது, ஜவ்வு ஆறிவிட்டதா?

கபடி, கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடல் மட்டும் திடீரெனத் திரும்பும்போது முழங்காலின் நடுவே குறுக்காகச் செல்லும் தசைநார் கிழிவதுண்டு. இதனை முன் குறுக்குத் தசைநார் என்றும், சுருக்கமாக ஏ.சி.எல். என்றும் அழைக்கிறோம். ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று வழக்கில் கூறப்படுவது பல வேளைகளில் இதுவே. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், முழங்கால் அளவுக்கு மீறிச் சுழலாமலும் காப்பது இதன் பணி.

திசைமாற்றி ஓடும் ஆட்டங்களுக்குத் திரும்ப விரும்புவோருக்கு, அவர்களுடைய உடலிலிருந்தே ஒரு நாரை எடுத்துப் புதிய தசைநாராகப் பொருத்துகிறோம். பின்தொடைத் தசையின் நாரோ, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாரோ இதற்குப் பயன்படும். அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பின்னான மறுவாழ்வுப் பயிற்சிக்கு ஒன்பது மாதங்கள் முதல் ஓராண்டு வரை தேவைப்படுகிறது. இவ்வளவு காலம் எதற்கு என்பது, எங்களிடம் வரும் விளையாட்டு வீரர்களும் அவர்தம் பெற்றோரும் தவறாமல் கேட்கும் கேள்வி.

உள்ளே நிகழ்வது என்ன?

புதிதாகப் பொருத்தப்பட்ட நாருக்கு முதலில் சொந்தமான இரத்த ஓட்டம் இல்லை. முதல் சில வாரங்களில் அதிலுள்ள பழைய செல்கள் பெருமளவு அழிகின்றன. பின்னர் புதிய இரத்தக் குழாய்களும் செல்களும் அதனுள் நுழைந்து, அதைச் சிறிது சிறிதாகத் தசைநாராக மாற்றி அமைக்கின்றன. இந்த மாற்றத்தின் இடையே, ஏறத்தாழ ஆறாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை, நார் பொருத்தப்பட்ட நாளில் இருந்ததைவிட வலுக்குறைந்து காணப்படும்.

இங்குதான் இடர் ஒளிந்திருக்கிறது. அதே காலத்தில் வீக்கம் வடிந்திருக்கும், வலி நின்றிருக்கும், நடை சீராகியிருக்கும். நார் மிகவும் நலிந்திருக்கும் வேளையில், கால் முற்றும் குணமாகிவிட்டது போன்ற உணர்வு தோன்றும். வலி இன்மையை வலிமை என்று கொள்ளலாகாது.

பயிற்சியின் படிகள்

முதல் இரண்டு வாரங்கள்: முழங்காலை முழுமையாக நீட்டுவதே தலையாய இலக்கு. முழங்காலைக் கட்டிலை நோக்கி அழுத்தி, முன்தொடைத் தசையை ஐந்து விநாடி இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அடிக்கடி செய்ய வேண்டும். ஊன்றுகோலின் துணையுடன் நடக்கலாம். குறுத்தெலும்பு வட்டும் தைக்கப்பட்டிருப்பின், காலில் பாரம் வைப்பது குறித்து உங்களுக்குத் தனியே கூறப்படும் அறிவுரையையே பின்பற்றுங்கள்.

மூன்றாம் மாதம் வரை: நொண்டாத நடை, நிலையான சைக்கிள், சுவரில் சாய்ந்து சிறிதளவு மடங்கி நிற்றல், ஒற்றைக் காலில் சமநிலை ஆகியவை.

நான்காம் மாதம் முதல்: வீக்கமின்றியும் தசை வலிமை போதிய அளவிலும் இருந்தால் நேர்கோட்டில் மெல்லோட்டம். அதன்பின் குதித்தல், பாதுகாப்பாகத் தரையிறங்குதல், திசைமாற்றி ஓடுதல் என வரிசையாக முன்னேறுவோம். பயிற்சிக்கு மறுநாள் முழங்கால் வீங்கினால், சுமை மிகுந்துவிட்டது என்று பொருள். ஒரு படி பின்வாங்க வேண்டும்.

வீட்டாரின் கவனத்திற்கு

இதமாக இருக்கும் என்று எண்ணி முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். குதிகாலுக்கு அடியில் வைப்பதே சரி. எண்ணெய் தேய்த்து உருவுவதையும் வலிந்து மடக்குவதையும் தவிருங்கள். நாங்கள் அனுமதிக்கும் வரை சம்மணமிடுதலும் குந்தி அமரும் கழிப்பறையும் வேண்டாம். முட்டை, பருப்பு, மீன், பால் முதலிய புரத உணவுகள் தசை மீண்டும் வளரத் துணைபுரியும்.

காய்ச்சல், தையலில் நீர் அல்லது சீழ் வடிதல், கெண்டைக்காலில் வலியுடன் கூடிய வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் ஒரு கணமும் தாமதியாது 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

களம் திரும்பும் நாள்

நாட்காட்டி மட்டும் இதனை முடிவு செய்வதில்லை. சோதனைகளும் முடிவு செய்கின்றன. முன்தொடை, பின்தொடைத் தசைகளின் வலிமையும், ஒற்றைக் காலால் தாவும் தூரமும் மறுகாலின் அளவில் குறைந்தது 90 விழுக்காட்டை எட்ட வேண்டும். காலை நம்பி ஊன்றும் மனத்துணிவும் வேண்டும். சோதனைகளில் முன்கூட்டியே தேறியவரும் ஒன்பது மாதம் பொறுத்திருக்க வேண்டும் என்பதே எங்கள் அறிவுரை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை திரும்புதலைத் தள்ளிவைத்த ஒவ்வொரு மாதத்திற்கும் முழங்கால் மீண்டும் காயமுறும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது தெரியவந்தது.

பிரேசில் கால்பந்து வீரர் நெய்மர் 2023 அக்டோபரில் இதே தசைநார் கிழிந்து, 2024 அக்டோபரில்தான் மீண்டும் போட்டியில் இறங்கினார். சிறந்த மருத்துவ வசதிகள் அனைத்தும் வாய்த்தவருக்கும் ஓராண்டு தேவைப்பட்டது.

பொங்கல் விழாப் போட்டிக்கு அணித் தலைவர் அழைப்பார். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ வேலையோ கிடைக்கும் தேர்வு நெருங்கும். ஒரு பருவத்தை இழப்பதன் வேதனையை நாங்கள் அறிவோம். எனினும் பொருத்திய நார் மீண்டும் கிழிந்தால், இன்னொரு அறுவை சிகிச்சையும் இன்னும் நீண்ட காத்திருப்பும் நேரும். விளையாட்டு வாழ்வே அத்துடன் முடியவும் கூடும். தேர்வு நாள் நெருங்குகிறது என்றால் அதை எங்களிடம் முன்கூட்டியே கூறுங்கள். பயிற்சியாளருக்கோ கல்லூரிக்கோ தேவைப்படும் மருத்துவச் சான்றை அளிக்கவும், உங்கள் கால் எந்தப் படியில் உள்ளது என்பதை அவர்களுக்கு விளக்கவும் ஆயத்தமாக இருக்கிறோம்.