கணினியில் 24 பெட்டி, அடுக்கில் 17: மீதி எங்கே போனது?

ஷா ஆலம், கிள்ளான் வட்டாரக் கிடங்குகளில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு நன்கு பழகிய வார்த்தை ‘ஷார்ட்’. கையிலுள்ள ஸ்கேனர் 20 பெட்டி எடுக்கச் சொல்லும். அடுக்கில் இருப்பதோ 17. அந்த நேரத்தில் ஸ்கேனரில் எந்த எண்ணைப் பதிவு செய்வது என்பதில், மளிகைக் கடைக்காரரின் பணமும் கிடங்குத் தொழிலாளியின் நற்பெயரும் அடங்கியிருக்கின்றன.

கணினிக்கு எப்படித் தெரியும்?

சரக்கிருப்பைக் கவனிக்கும் மென்பொருள் அடுக்கை நேரில் பார்ப்பதில்லை. லோரியிலிருந்து இறக்கும்போதும், அடுக்கில் வைக்கும்போதும், எடுக்கும்போதும் ஊழியர்கள் பதிவு செய்யும் எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டே வருகிறது. பொதுவாக அதில் மூன்று கணக்குகள் இருக்கும்: மொத்த இருப்பு, வந்த ஆர்டர்களுக்கு ஒதுக்கியது, இனி விற்கக்கூடியது. சமையல் எண்ணெய் 24 பெட்டி இருந்து, ஒரு கடைக்கு 20 ஒதுக்கிவிட்டால், அடுத்தவருக்கு 4 பெட்டி வரைதான் ஒப்புக்கொள்ளும்.

இந்தக் கணக்கு பிசகப் பல வழிகள் உண்டு. சரக்கு வந்த அன்றே எண்ணாமல் கையெழுத்துப் போட்டிருக்கலாம். பக்கத்து அடுக்கில் மாற்றி வைத்திருக்கலாம். பெட்டியாக எண்ண வேண்டியதைப் போத்தலாக எண்ணியிருக்கலாம். உடைந்ததை ஒதுக்கி வைத்தவர் பதிவு செய்ய மறந்திருக்கலாம். திருட்டும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணமல்ல.

பொய்யான 20-ஆல் வரும் வினை

வேலை முடிந்தால் போதும் என்று 17 பெட்டியை எடுத்துவிட்டு 20 என்று பதிவு செய்தால் என்ன ஆகும்? கணினி 24-இல் 20-ஐக் கழித்து, இன்னும் 4 பெட்டி இருப்பதாக நம்பும். அந்த நான்கையும் வேறொரு கடைக்கு ஒதுக்கும். அதை எடுக்க வருபவர் காலி அடுக்கைப் பார்த்து நிற்பார். முதல் கடைக்காரருக்கோ 17 பெட்டி போய், 20 பெட்டிக்கு பில் போகும். ஒரு பொய்யான எண் இரண்டு வாடிக்கையாளர்களைப் பாதிக்கிறது.

உண்மையாக 17 என்று பதிவு செய்து, ‘அடுக்கில் இல்லை’, ‘சேதம்’, ‘காலாவதி’ என்று காரணத்தையும் தேர்ந்தெடுத்தால் நிலைமை வேறு. கணினியின் கணக்குப்படி 24-இல் 17 போக 7 பெட்டி மீதம் இருக்க வேண்டும், கண்ணெதிரே ஒன்றுமில்லை. அந்த 7 பெட்டியை யாருக்கும் ஒதுக்காமல் நிறுத்தி வைக்கப் பல மென்பொருள்களில் வசதி உண்டு. அந்த அடுக்கை மறுபடி எண்ணும் வேலையையும் மேற்பார்வையாளருக்கு அனுப்பும்.

ஆர்டரில் குறைந்த 3 பெட்டிக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலில், வேறு அடுக்கிலோ மேல்தட்டுச் சேமிப்பிலோ இருக்கிறதா என்று தேடி, இருந்தால் எடுக்கச் சொல்லும். இல்லையென்றால், 17-ஐ அனுப்பிவிட்டு 3-ஐ நிலுவை ஆர்டராக வைக்கும். புதுச் சரக்கு வந்ததும் அது அனுப்பப்படும். நிலுவை வேண்டாம் என்று வாடிக்கையாளர் முன்பே சொல்லியிருந்தால், அந்த 3 ரத்தாகும். எந்த வழியானாலும், பில் அனுப்பிய எண்ணிக்கைக்கு மட்டுமே இருக்க வேண்டும்.

கடைக்காரர்கள் கவனிக்க

தீபாவளி நேரத்தில் லோரி ஓட்டுநர் அவசரப்படுத்துவார். இருந்தாலும் டி.ஓ.வில் கையெழுத்துப் போட்டு சாப் அடிக்கும் முன் எண்ணிப் பார்ப்பது நல்லது. குறைந்தால், வந்த எண்ணிக்கையை டி.ஓ.விலேயே எழுதி ஓட்டுநரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். பில் கூடுதலாக வந்தால், ‘கிரெடிட் நோட்’ கேட்க அதுவே ஆதாரம். மீதிச் சரக்கு நிலுவையா, ரத்தா என்பதையும் அன்றே கேட்டுக்கொண்டால் இரண்டாம் முறை ஆர்டர் செய்து பணத்தை முடக்க வேண்டியிருக்காது.

சம்பளத்தில் பிடிக்கலாமா?

குறையைப் பதிவு செய்தால் பழி தன் மேல் விழும் என்று பயந்துதான் பலர் பொய்யான எண்ணைப் பதிவு செய்கிறார்கள். தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, எவற்றுக்காகச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று வரையறுக்கிறது. முதலாளியின் தவறால் முந்தைய மூன்று மாதங்களில் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், வட்டியில்லாத முன்பணம், ஈபிஎப், சொக்சோ போல வேறு சட்டங்கள் அனுமதிப்பவை ஆகியன அதில் உண்டு. வேறு சிலவற்றுக்குத் தொழிலாளியே எழுத்துப்பூர்வமாகக் கேட்டிருக்க வேண்டும். ‘அடுக்கில் சரக்குக் குறைந்தது’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அப்படிப் பிடித்தால், சம்பளச் சீட்டுடன் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

யார், எந்த நேரத்தில், எந்த அடுக்கில், எத்தனை எடுத்தார் என்பதெல்லாம் கணினியில் பதிவாகிறது. குறையை உள்ளபடி சொன்னவருக்கு அந்தப் பதிவு சாட்சி. இல்லாததை எடுத்ததாகப் பதிவு செய்தவருக்கு எதிராகவும் அதே பதிவுதான் நிற்கும்.