லால்பாகில் பனிக்காலப் பறவை நடை

அடுகோடியில் வாழும் சிறுவர்க்கு லால்பாக் புதிய இடமன்று. மலர்க்கண்காட்சியின்போது அங்குச் செல்லாதவர் சிலரே. 1760ஆம் ஆண்டில் ஹைதர் அலி அமைக்கத் தொடங்கிய இத்தோட்டம் இன்று 240 ஏக்கர் பரப்புடையது. ஏரியும், ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடைய பாறைக் குன்றும் இதனுள் உள்ளன. கூட்டம் நிறைந்த கண்காட்சி நாளில் காண இயலாத ஒன்றை மார்கழிக் காலையில் இங்குக் காணலாம்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பறவை ஆர்வலர்கள் கண்ணாடி மாளிகையருகே கூடுவர். ‘பேர்ட்வாச்சர்ஸ் ஃபீல்ட் கிளப்’ என்னும் அமைப்பு 1970களில் தொடங்கிய வழக்கம் இது. ஆண்டு முழுவதும் நடை உண்டெனினும், பனிக்காலமே சிறந்தது. இமயமலையிலும் மைய ஆசியாவிலும் குளிர் மிகும்போது அங்குப் பூச்சிகள் அரிதாகின்றன. இரை தேடித் தெற்கே வரும் பறவைகள் தை, மாசி கடந்தும் இங்கே தங்குகின்றன.

அவற்றுள் ஒன்று பச்சைக் கதிர்க்குருவி. இதன் எடை பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடையளவே. இலைகளுக்கிடையே இலை நிறத்திலேயே தாவித் திரிவதால் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. எனவே வழிகாட்டுபவர் முதலில் நின்று செவிகொடுத்துக் கேட்பார். குரல் வந்த மரத்தைக் கடிகார முகமாகக் கொண்டு, “இரண்டு மணித் திசையில் பாருங்கள்” என்பார். கையை நீட்டிச் சுட்டினால் குருவி பறந்துவிடும். ஒருமுறை குரலைக் கேட்டு அறிந்தவர் பின்னர் தம் தெருவோர மரத்திலும் அதனைக் கேட்பர். அதுவரை அக்குரல் அங்கே ஒலித்துக்கொண்டுதான் இருந்தது, கேட்டவர்தாம் இல்லை.

ஏரிக்கரையில் மஞ்சள் வயிறுடைய வாலாட்டிக் குருவி வாலை மேலும் கீழும் அசைத்தபடி நடக்கும். குளிர்காலத்தில் தென்னிந்தியாவிற்கு வரும் மற்றொரு பறவை ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் குரலெழுப்புவதால் இப்பெயர் பெற்றது. வீட்டிலுள்ள தாத்தா, பாட்டியரிடம் கேட்டால், அவர்கள் ஊரில் இதற்கு வழங்கிய வேறு பெயரும் கிடைக்கலாம்.

நடையில் கலந்துகொள்வோர் பளிச்சிடும் ஆடையைத் தவிர்த்தல் நன்று. கூட்டை நெருங்குதலும், கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அதனை வரவழைத்தலும் கூடாது. அழைக்கும் குரலை எதிரியென்று எண்ணிப் பறவை தன் ஆற்றலை வீணே செலவிடும்.

கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவதே இந்நடையின் முதன்மையான பணி. ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் 2023ஆம் ஆண்டு அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டு உருவானது. நீண்டகால மாற்றத்தைக் கணிக்க இயன்ற 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துள்ளதாக அது கூறுகிறது. பதிவுகள் இல்லையெனில் இக்குறைவு எவருக்கும் தெரிந்திராது.

பொங்கலுக்குச் சொந்த ஊர் செல்லும் மாணவரும் இப்பணியில் சேரலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. குளக்கரையோ வயல்வரப்போ, ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, காணும் பறவைகளை எல்லாம் எண்ணி ‘இபேர்ட்’ தளத்தில் பதிவிட வேண்டும். அரிய பறவையை மட்டும் எழுதிக் காகத்தையும் மைனாவையும் விட்டுவிடுவது தொடக்கநிலையினர் பலரின் வழக்கம். இன்று மிகுதியாக உள்ள பறவை நாளை குறையுமாயின், அதனை அறிய இன்றைய எண்ணிக்கை வேண்டும். இனம் தெரியாத பறவைக்கு ஊகித்துப் பெயர் எழுதுதல் தவறு. ‘வாலாட்டி, ஒன்று’ என்று மட்டும் எழுதினாலும் அது பயனுள்ள பதிவே.