உருகிய ரூபாயும் உருகாத பெயரும்

சங்கம் ஒன்று கலைந்தால் என்ன நடக்கும் என்பதை நேயர்கள் நன்கு அறிவார்கள். கையிருப்புப் பணம் எங்கே போயிற்று என்ற சண்டை ஒரு பக்கம். நாற்காலி மேஜைகள் யார் வீடு போய்ச் சேர்ந்தன என்ற விசாரணை மற்றொரு பக்கம். ஆனால் கலைந்ததனாலேயே அழியாப் பெயர் பெற்ற சங்கம் ஒன்றும் நம் தேசத்தில் இருந்தது. அதன் சரித்திரத்தை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

1872-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் கட்சிக்கு 20 பேராக நின்று ரக்பி ஆடினார்கள். ஒரு கட்சி இங்கிலாந்து. எதிர்க்கட்சி ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்தது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரிகளின் எல்லைக்கு அப்பால் தரையில் பதிப்பதே ரக்பி. ஓடுகிறவனை இடுப்பைக் கட்டிப் பிடித்து வீழ்த்தலாம். சடுகுடு பார்த்துப் பழகிய நமக்கு அதன் வேகம் எளிதில் விளங்கும்.

அந்த உற்சாகத்தில் 1873 ஜனவரியில் கல்கத்தா புட்பால் கிளப் பிறந்தது. முதல் வருஷத்திலேயே அங்கத்தினர் 137 பேர். 1874-இல் இங்கிலாந்தின் ரக்பி யூனியனிலும் அது சேர்ந்தது.

ஆனால் வங்காளத்து வெயில் எந்த யூனியனுக்குக் கட்டுப்படும்? 1876-இல் பஃப்ஸ் பட்டாளம் ஊரை விட்டுப் போயிற்று. போலோவும் டென்னிஸும் மற்றவர்களின் மனத்தைக் கவர்ந்தன. கிளப்பில் இலவசமாக ஊற்றிக் கொடுத்த மதுவை நிறுத்தியதும் கூட்டம் இன்னும் குறைந்தது. குளம் வற்றினால் கொக்கு தங்குமா?

மிஞ்சியிருந்த அங்கத்தினர்கள் சண்டையிடவில்லை. பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளவும் இல்லை. பாங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்வித்தார்கள். 270 ரூபாய் என்று சொல்வதுண்டு. அந்நாளைய ரூபாயின் நிறை ஒரு தோலா. ஆகவே ஏறக்குறைய 270 தோலா! படம் எடுக்கும் மூன்று நாகங்கள் அதன் கைப்பிடிகள்; மூடியின் மேல் ஒரு யானை. இந்தியத் தொழிலாளியின் கைவண்ணம் என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். 1878-இல் அது ரக்பி யூனியனுக்குக் காணிக்கையாயிற்று.

1879 மார்ச்சில் எடின்பரோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் முதன்முதலாக அக்கோப்பைக்காக மோதின. வெற்றி தோல்வி இல்லை. சில வருஷங்கள் நீங்கலாக அப்பந்தயம் இன்றளவும் நடந்து வருகிறது. 1988-இல் ஆட்டம் முடிந்த இரவு ஆட்டக்காரர் சிலர் கோப்பையையே எடின்பரோத் தெருவில் பந்தாக உதைத்து நசுக்கிவிட்டார்கள்! பிறகு அதைச் செப்பனிட்டார்கள்.

அயலார் வைத்துப் போற்றும் அப்பொருளில் நம் நாட்டு ரூபாய் இருக்கிறது. நம் தொழிலாளியின் உழைப்பு இருக்கிறது. அவன் பெயர் மட்டும் எங்கும் இல்லை. அவனைப் போன்றோருக்கு அன்றைய மைதானத்தில் ஆட இடமும் இல்லை.

அந்தக் குறை இப்போது சிறிது தீர்ந்திருக்கிறது. கல்கத்தா மைதானத்தில் 2004-இல் தோன்றிய 'ஜங்கிள் குரோஸ்' என்னும் கிளப், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ரக்பி கற்பித்து வந்திருக்கிறது. கோப்பை கடல் கடந்து போனால் போகட்டும். பந்து நம் குழந்தைகளின் கைக்கு வந்துவிட்டது. அதுவே நமக்கு மகிழ்ச்சி.