சாவிக்காரர் சொல்லும் கதை

ஹவாய்த் தீவுகளில் ஒன்று கவாய். அங்கே விடுமுறை வீடுகளைப் பராமரிக்கும் உள்ளூர் நிறுவனங்கள் விருந்தாளியிடம் சாவியைக் கொடுக்கும்போது தீவின் கதையையும் சேர்த்துக் கொடுக்கின்றன. அந்தக் கதையில் எது இருக்கிறது, எது விடுபடுகிறது?

கவாயின் வடகரைக்குப் போகும் ஒரே சாலையில் ஹனலெய் ஆறு குறுக்கிடுகிறது. 1912-இல் முதலில் கட்டப்பட்ட இரும்புப் பாலம். ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டிகள் மட்டுமே போகலாம். சிக்னல் கிடையாது, போலீஸ்காரரும் கிடையாது. ஐந்து, ஆறு, ஏழு வண்டிகள் போனதும் அடுத்து வருபவர் தானாகவே நின்று, எதிர்ப்பக்கம் காத்திருப்பவர்களுக்கு வழிவிட வேண்டும். அது தீவு வழக்கம். நேற்று விமானத்தில் வந்திறங்கி, இன்று வாடகைக் காரை ஓட்டிக்கொண்டு வருபவருக்கு இதை யார் சொல்லித்தருவது? பெரும்பாலும் அவர் தங்கப்போகும் வீட்டின் சாவியை வைத்திருப்பவர்தான்.

அந்த வீட்டு மேசைமேல் ஒரு கோப்பு இருக்கும். வைஃபை கடவுச்சொல், குப்பை எடுக்கும் கிழமை எல்லாம் முதல் பக்கத்தில். புரட்டினால் தீவு மெல்லத் தலைகாட்டும். செருப்பை வாசலிலேயே விடுங்கள். (நமக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஜப்பானியர் வழியாக ஊரின் பழக்கமானது.) விடியுமுன் கூவும் காட்டுக்கோழிகளைப் பற்றிப் புகார் சொல்லிப் பயனில்லை. மணலில் படுத்திருக்கும் கடல்நாயிடமிருந்து 15 மீட்டர் தள்ளி நில்லுங்கள், ஆமையிடமிருந்து 3 மீட்டர். ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் வேண்டாம். பவளப்பாறைகளைக் காக்க 2021 முதல் மாநிலமே அதன் விற்பனைக்குத் தடை விதித்திருக்கிறது.

எல்லாம் நல்ல புத்திமதிகள்தான். ஆனால் வீட்டுக்குள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிற கோப்பு, அந்த வீடு நிற்கும் மண் யாருடையதாக இருந்தது என்று சொல்கிறதா? கவாயில் அது சுலபமான கேள்வி இல்லை.

இடையில் நிற்பவர்

கவாய் நம் நீலகிரி மாவட்டத்தில் பாதியைவிடச் சற்றே பெரிது. பரப்பு சுமார் 1,430 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 73,000 சொச்சம். ஆனால் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சுற்றுலாவாக வந்துபோகிறார்கள். கட்டடம் தென்னைமரத்தைவிட உயரக் கூடாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் என்பதால் வானுயர் ஓட்டல்கள் கிடையாது. அதனால் வருகிறவர்களில் ஏராளமானோர் வீடுகளிலும் அடுக்ககங்களிலும் தங்குகிறார்கள். அவற்றின் உரிமையாளர்களில் பலர் கலிஃபோர்னியாவிலோ அதற்கும் அப்பாலோ இருப்பவர்கள்.

தீவில் இல்லாத உரிமையாளர் தன் சார்பில் தீவிலேயே இருக்கும் ஒருவரை நியமித்தாக வேண்டும் என்கிறது ஹவாய்ச் சட்டம். பராமரிப்பு நிறுவனங்களின் பிழைப்பு இங்கேதான் தொடங்குகிறது. படுக்கை விரிப்பு மாற்றுவது, ஒழுகும் குழாயைச் சரிசெய்வது, கடற்காற்றில் துருப்பிடிக்கும் பூட்டுகளுக்கு எண்ணெய் போடுவது, வரி கட்டுவது எல்லாம் அவர்கள் தலையில். 2026 தொடக்கத்திலிருந்து தங்கும் வரி மட்டும் மாநிலத்துக்கு 11 சதவீதம், கவுண்டி என்னும் உள்ளூர் நிர்வாகத்துக்கு 3 சதவீதம். பொது வரியையும் சேர்த்தால் நூறு டாலர் வாடகைக்குப் பதினெட்டு டாலருக்கு மேல் போய்விடும்.

எந்த வீட்டையும் வாடகைக்கு விட்டுவிடவும் முடியாது. தெற்கே போயிப்பூ, வடக்கே பிரின்ஸ்வில் போன்ற சுற்றுலாப் பகுதிகளுக்கு வெளியே புதிய விடுமுறை வீடுகளுக்குக் கவாய் கவுண்டி 2008-இல் கதவடைத்துவிட்டது. அதற்கு முன்பே முறைப்படி நடந்துவந்த வீடுகள் மட்டும் ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பித்துத் தொடர்கின்றன. அனுமதி எண்ணை விளம்பரத்திலேயே போட்டாக வேண்டும். ஒரு வீடு விடுமுறை வீடாக மாறினால் ஆசிரியரோ செவிலியரோ குடியிருக்க ஒரு வீடு குறைகிறது என்ற கவலையில் பிறந்த சட்டம் இது.

ஆக, தொலைவில் இருக்கும் உரிமையாளருக்கும் நாலுநாள் விருந்தாளிக்கும் நடுவில் உள்ளூர்க்காரர் ஒருவர் நிற்கிறார். தீவைப் பற்றி விருந்தாளி முதலில் கேட்கும் குரல் அவருடையது. அந்தக் குரலுக்குக் கவாயில் பழைய உதாரணங்கள் இரண்டு உண்டு. ஒன்று எச்சரிக்கை, மற்றொன்று வழிகாட்டி.

தீவட்டியும் சங்கும்

எச்சரிக்கை, கிழக்குக் கரையில் வைலுவா ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. கவாயின் அரசர்கள் வாழ்ந்த புனித நிலம் அது. அரசகுலத்துப் பெண்கள் வந்து பிள்ளை பெற்ற கற்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசி டெபோரா கபூலே அங்கே குடியிருந்தார், மீன்குளங்களையும் வைத்திருந்தார்.

1953-இல் அந்தக் குளக்கரையில், தென்னந்தோப்புக்குள், கோகோ பாம்ஸ் ஓட்டல் 24 அறைகளோடு திறக்கப்பட்டது. அதன் நிர்வாகி கிரேஸ் கஸ்லாண்டர் கெட்டிக்காரர். அந்தி சாய்ந்ததும் சங்கு ஊதும், இளைஞர்கள் தீவட்டியோடு தோப்புக்குள் ஓடி வரிசையாக விளக்கேற்றுவார்கள். விருந்தாளிகள் மெய்மறந்து பார்ப்பார்கள். ஏதோ தொன்றுதொட்டு வந்த அரச மரபு போலத் தோன்றும் இந்தச் சடங்கு, விருந்தாளிகளுக்காக அவரே உருவாக்கியது. மற்ற ஓட்டல்களும் பிடித்துக்கொண்டன. இன்றைக்கும் ஹவாய் முழுக்க அந்தியில் தீவட்டி ஏற்றும் ஓட்டல்கள் உண்டு. 1961-இல் எல்விஸ் பிரெஸ்லியின் 'புளூ ஹவாய்' படத்துக் கல்யாணக் காட்சியும் அந்தக் குளத்திலேயே எடுக்கப்பட்டது.

1992 செப்டம்பர் 11-இல் இனிகிப் புயல் அடித்தது. மூடிய ஓட்டல் மறுபடி திறக்கவே இல்லை. மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் இடிபாடாகவே நின்றது. தீவட்டியைக் கண்டவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். தாங்கள் நின்றது ஓர் அரசியின் வீட்டு முற்றம் என்று அறிந்தவர்கள் எத்தனை பேர்? கண்ணுக்கு முன்னால் இருந்த வரலாற்றைத் திரையிட்டு மூடிவிட்டு, திரைமேல் அழகாக ஒரு சித்திரம் தீட்டியது போலாயிற்று. கலாசாரத்தைப் பகிர்கிறேன் என்று கிளம்பும் எந்த நிறுவனத்துக்கும் இந்தச் சறுக்கல் காத்திருக்கிறது.

மலை முதல் அலை வரை

இரண்டாவது உதாரணம் இன்னும் பழையது. மேற்கத்திய முறையில் சொத்துரிமை வருமுன் ஹவாயில் நிலம் விற்கவோ வாங்கவோ கூடிய பொருளாக இல்லை. தீவைப் பெரும்பாலும் மலையுச்சியிலிருந்து கடல்வரை நீளும் துண்டுகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அஹுபுவா என்று பெயர். எல்லையில் கல்லைக் குவித்து, மேலே பன்றியுருவம் வைத்து அடையாளமிடுவார்கள். பெயரின் பொருளும் அதுதான். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கையும் ஒரே ஊருக்குள் நெட்டுவாக்கில் அடக்கியது போல. மேலே மரம், நடுவே வயல், கீழே மீன். ஓர் ஊருக்கு வேண்டியதெல்லாம் ஒரே துண்டுக்குள்.

வயலில் விளைந்தது கலோ. நம் சேப்பங்கிழங்கேதான். ஹவாய்க்காரர்களின் மூலக் கதையில், வானத் தந்தை வாகேயாவுக்குப் பிறந்த முதல் குழந்தை இறந்தே பிறந்தது. புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு அதே சேம்பின் பெயரை, ஹாலோவா என்று வைத்தார்கள். அந்தப் பிள்ளையின் வழிவந்தவர்களே மனிதர்கள். ஆகவே சேம்பு அவர்களுக்கு அண்ணன். அண்ணன் சோறு போடுவார், தம்பி அண்ணனைப் பார்த்துக்கொள்வார். ஹனலெய்ப் பள்ளத்தாக்கில் தண்ணீர் கட்டிய சேம்பு வயல்களைச் சாலையோரத்திலிருந்து படம்பிடிக்கும் பயணி இந்த உறவை அறியாவிட்டால், அவர் கண்ணுக்கு அது பச்சைநிறம் மட்டுமே.

ஒவ்வொரு அஹுபுவாவையும் தலைவரின் சார்பில் கவனிக்க ஒரு கொனோஹிகி இருப்பார். நம்மூர் மணியக்காரரையும் நீர்க்கட்டியையும் ஒரே ஆளாக்கினால் ஏறக்குறைய அவர். வாய்க்கால் தண்ணீர் யாருக்கு எப்போது, எந்த மீனை எந்தப் பருவத்தில் தொடக் கூடாது, வாய்க்கால் வெட்ட யார் யார் வரவேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. மேலே தலைவருக்கும் பதில் சொல்ல வேண்டும், கீழே மக்களையும் தக்கவைக்க வேண்டும். நிர்வாகம் பிடிக்கவில்லை என்றால் குடிகள் வேறு இடம் போய்விடலாம். இன்றைய சொல்லில் அவரும் சொத்து மேலாளரே.

1848-இல் மூன்றாம் கமேஹமேஹா அரசரின் காலத்தில் மாஹெலே என்னும் நிலப் பிரிவினை வந்தது. நிலம் அரசர், தலைவர்கள், அரசாங்கம் என்று பங்கானது. 1850-இல் குடிகளுக்கும் ஒரு சட்டம் வந்தது. பயிரிட்ட நிலத்துக்கு மனுப்போட்டு, அளந்து, சாட்சி காட்டிப் பட்டா வாங்கலாம். நிலம் விற்பனைப் பொருள் என்றே நினைத்திராத மக்களுக்குக் கிடைத்தது மொத்த நிலத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே ஆண்டில் வெளிநாட்டார் நிலம் வாங்கவும் வழி திறந்தது. பெரும் பரப்புகள் கரும்புத் தோட்டங்களின் கைக்குப் போயின. 1864-இல் பக்கத்துத் தீவான நீஹாவ் முழுவதையும் சின்கிளேர் குடும்பம் 10,000 டாலருக்கு வாங்கியது. அவர்களின் வழித்தோன்றல்களான ராபின்சன் குடும்பத்திடமே அந்தத் தீவு இன்றும் இருக்கிறது.

குடிகளுக்குக் கிடைத்த அந்தத் துண்டு நிலத்துக்குக் குலெயானா என்று பெயர். அந்தச் சொல்லுக்கு உரிமை என்றும் பொருள், பொறுப்பு என்றும் பொருள். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது அவர்கள் மொழி. 2016 இறுதியில் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க், தான் கவாயில் வாங்கிய சுமார் 700 ஏக்கருக்குள் சிதறிக் கிடந்த குலெயானா நிலங்களின் உரிமையைத் தீர்க்க வழக்குகள் போட்டபோது தீவு கொதித்தது அதனால்தான். தாத்தாவின் தாத்தா பெயரில் பதிவாகி, நூற்றுக்கணக்கான வாரிசுகளுக்குப் பிரிந்துகிடந்த நிலம் அது. அடுத்த மாதமே அவர் வழக்குகளைத் திரும்பப் பெற்றார்.

மழை கற்றுத்தந்தது

2018 ஏப்ரல் நடுவில் வடகரையில் ஒரே நாளில் 1,262 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி 24 மணி நேரத்தில் இறங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலேயே அது சாதனை அளவு. சாலை சரிந்து, அதன் கோடியிலுள்ள ஹாஎனா பகுதி துண்டானது. ஓராண்டுக்கு மேல் உள்ளூர்க்காரர் மட்டுமே போய்வர முடிந்தது. வீடிழந்தவர்களின் துயரம் ஒரு பக்கம். ஆளரவம் குறைந்த கடலில் மீன்கள் கரையோரம் திரும்பியதைக் கண்ட வியப்பு மறுபக்கம்.

2019 ஜூனில் ஹாஎனா மாநிலப் பூங்கா மறுபடி திறந்தபோது ஊர் பழைய நிலைக்குத் திரும்ப மறுத்தது. முன்பு ஒரு நாளைக்கு 2,000 பேர் வரை வந்த இடத்தில் இனி 900 பேர்தான். வெளியூர்க்காரர் முன்பதிவு செய்ய வேண்டும். ஹவாய்வாசிகளுக்கு அது தேவையில்லை. பழைய கொனோஹிகி மீன்பிடிக்கு விதித்த பருவத்தடையின் நியாயமே வேறு உருவில் திரும்பி வந்ததாகத் தோன்றுகிறது.

பராமரிப்பு நிறுவனத்தின் கோப்பில் வரலாற்றுக்கு உண்மையான வேலை இங்கேதான். முன்பதிவு இல்லாமல் ஹாஎனா போகாதீர்கள் என்று எழுதினால் விருந்தாளி எரிச்சலடைவார். ஏன் என்ற காரணத்தோடு எழுதினால் ஊரின் விதிக்குள் தானும் ஓர் ஆளாவார். 1896-இல் பள்ளிகளிலிருந்து விரட்டப்பட்ட ஹவாய் மொழியை மழலையர் வாயில் மறுபடி வைக்க 1984-இல் முதல் பள்ளி தொடங்கியது இதே தீவின் கெகஹாவில். அது தெரிந்தவர் ஊர்ப்பெயர்களைத் தன் வசதிக்குச் சிதைத்துச் சொல்லக் கூசுவார். ஹனலெய்க்கு அடுத்த வைப்பாவில் வெளியாரையும் சேற்றில் இறக்கிச் சேம்பு வேலை செய்யவைக்கும் நாட்கள் உண்டு. ஒரு காலை அங்கே முழங்கால்வரை புதைந்தவருக்குப் பத்துப் பக்க விளக்கம் தேவைப்படாது.

வந்தவர்கள் மண்ணுக்கு மரியாதை செய்து வேரூன்றலாம் என்பதற்கு நமக்கு நெருக்கமான சாட்சியும் வைலுவாவிலேயே உண்டு. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியிடம் தீட்சை பெற்ற அமெரிக்கரான சிவாய சுப்பிரமுனியசுவாமி, 1970-இல் கவாய் ஆதீனத்தை நிறுவினார். கணபதி ஸ்தபதி வடிவமைத்து, பெங்களூரு அருகே கையால் செதுக்கிக் கப்பலேற்றிய கருங்கற்களால் எழுந்த இறைவன் கோயிலுக்கு 2023-இல் குடமுழுக்கு நடந்தது.

விற்பனைக்கு இல்லாதது

தீவின் தென்மேற்கே, ஹனபெபேயில், கோடை வந்தால் சில குடும்பங்கள் களிமண் பாத்திகளைத் தட்டிச் சீராக்கி, கிணற்றில் ஊறும் உப்புநீரை ஊற்றிக் காயவிடுகின்றன. தலைமுறை தலைமுறையாக அதே குடும்பங்கள். வெயில் போதாமல் மழை பெய்துவிட்டால் அந்த வருடத்து உப்பு போயிற்று. செம்மண் கலந்த உப்பு செங்கல் நிறத்தில் இருக்கும். அந்த உப்பை விற்பதில்லை. கொடுக்கலாம், பண்டமாற்றுச் செய்யலாம். காசு மட்டும் வாங்கக் கூடாது.

இரவுக்கு இத்தனை டாலர் என்று கடல், அந்தி, காற்று எல்லாவற்றுக்கும் விலை போட்டுவிட்ட தீவில், விலை போடப்படாமல் மிஞ்சியிருக்கும் பொருள் அது. வாடகை வீட்டுச் சமையலறையில் யாராவது ஒரு பிடி வைத்துவிட்டுப் போயிருந்தால், விருந்தாளிக்குக் கோப்பில் அதைப்பற்றி ஒரு வரியாவது இருக்க வேண்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாம் சொல்வதையும், குலெயானா என்று அவர்கள் சொல்வதையும் அந்த ஒரு வரியே விளக்கிவிடும். மறுநாள் காலை ஹனலெய்ப் பாலத்தில் எட்டாவது வண்டியாக வந்து நிற்கும்போது, யாரும் சொல்லாமலே அவர் பிரேக்கை மிதிப்பார்.