குட்டி நாய் வாந்தி எடுத்தால் என்ன செய்வது?

"டிரசர் ஐயா, நம்ம குட்டி ராத்திரியிலேருந்து வாந்தி எடுக்குது" என்று நாய்க்குட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் கிளினிக்குக்கு வருவதுண்டு. நான் மிருக வைத்தியன் அல்ல. ஆனாலும் வீட்டிலேயே நாம் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

ஒன்றிரண்டு தடவை வாந்தி எடுத்த பிறகு நாய் வாலை ஆட்டி ஓடினால் பயம் வேண்டாம். கெட்டுப்போன சோற்றையோ புல்லையோ தின்றிருக்கும். வளர்ந்த நாய்க்கு ஆறேழு மணி நேரம் சாப்பாட்டை நிறுத்துங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிறகு உப்பு, மசாலா, வெங்காயம் சேர்க்காமல், குழைந்த சோற்றில் வேகவைத்த கோழி இறைச்சியைப் பிசைந்து வையுங்கள். ஆனால் சின்னக் குட்டியைப் பட்டினி போடக்கூடாது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும்.

உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பு மிஞ்சினால் அதுவே விஷம். எண்ணெய் புகட்டினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். பெனடோல் கொடுக்கவே வேண்டாம். அது நாயின் ஈரலைக் கெடுக்கும்.

குடித்த தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லையா? ஈறு வெளுத்திருக்கிறதா? கழுத்துத் தோலைத் தூக்கி விட்டால் உடனே படியவில்லையா? வாந்தியிலோ கழிச்சலிலோ ரத்தம் தெரிகிறதா? ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். தடுப்பூசி போடாத குட்டியென்றால் பார்வோ நோயாக இருக்கலாம். அது ஓரிரு நாளிலேயே உயிரைக் குடித்துவிடும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்குங்கள்.

எலி மருந்தைத் தின்றதைப் பார்த்தால், நாய் நன்றாக இருந்தாலும் காத்திருக்காதீர்கள். பலவகை எலி மருந்துகள் ரத்தத்தை உறையவிடாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ரத்தக் கசிவு தெரியும். வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற முடியும்; ஆனால் நேரத்தோடு போகவேண்டும். மருந்துப் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன விஷம் என்று மருத்துவருக்குத் தெரியும்.

தாய்மார்களே, இன்னொன்றையும் யோசியுங்கள். நாய்க்கு எட்டிய விஷம் தவழும் பிள்ளைக்கும் எட்டும். புல் மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். பாராகுவாட் மலேசியாவில் 2020 முதல் தடை செய்யப்பட்டது. பழைய போத்தல் மூலையில் கிடந்தால் திறக்காமல், சாக்கடையில் கொட்டாமல், தோட்ட ஸ்டோரில் ஒப்படையுங்கள். அதற்கு முறிவு மருந்து கிடையாது.

குட்டியின் வாந்தியைத் துடைத்தவுடன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். அது எதைத் தின்றது என்று அன்றைக்கே வீட்டைச் சுற்றித் தேடிப் பாருங்கள்.