"ஸ்கான் பண்ணித் தருவீங்களா, மிஸ்?"

எப். எக்ஸ். சி. நடராசா 1962-இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' நூலின் ஒரேயொரு பிரதி உங்கள் நூலகத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள் பழுப்பேறி ஓரம் உதிர்கிறது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருத்தி வந்து கேட்கிறாள்: "மிஸ், இதை முழுசா ஸ்கான் பண்ணித் தருவீங்களா? எங்கட வட்ஸ்அப் குறூப்பிலயும் போட்டுவிட்டா எல்லாருக்கும் உதவும்." மேசையில் இருப்பவர் பயந்தவரானால் ஒரு பக்கமும் தரமுடியாது என்பார். இரக்கப்பட்டவரானால் அட்டை தொடங்கி அட்டை வரை எடுத்துக் கொடுத்துவிடுவார். இரண்டும் பிழை. அந்த மாணவிக்குச் சட்டப்படி கிடைக்கவேண்டியது கிடைக்காமல் போகிறது. அல்லது இன்னொருவருடைய உரிமை அவர் அறியாமலே கைமாறுகிறது.

இதற்காக நூலக ஊழியர்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பகுப்பாக்கம், பட்டியலாக்கம் எல்லாவற்றையும் கற்பிக்கிறோம். ஒரு பிரதேச சபை வாசிகசாலையில் தனியாளாக மேசையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் பதிப்புரிமை பற்றி யார் உட்காரவைத்துச் சொன்னார்கள்? போட்டோக் கொப்பி இயந்திரத்தைக் கொடுத்தவர்கள் அதை எதுவரை பயன்படுத்தலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இலங்கையில் இதை ஆளுவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரு படைப்பு உருவான கணத்திலேயே அதன் உரிமையும் பிறந்துவிடுகிறது. எங்கும் பதிய வேண்டியதில்லை. தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வணிகக் குறிகளையும் காப்புரிமைகளையும் பதிகிறது. பதிப்புரிமைக்கு அங்கே பதிவேடு இல்லை. "ஐ.எஸ்.பி.என். இல்லாத புத்தகம்தானே, எடுக்கலாம்" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது ஒரு நூலை அடையாளம் காட்டும் இலக்கம் மட்டுமே, உரிமைப் பத்திரம் அல்ல.

உரிமை ஆசிரியரின் ஆயுளுக்கும், அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளுக்கும் நிலைக்கும். சுவாமி விபுலாநந்தர் 1947 ஜூலை 19-இல் மறைந்தார். 70 ஆண்டு சேர்த்துப் பார்த்தாலும் 2017 முடிவோடு எல்லாம் தீர்ந்தது. அதனால் அவருடைய 'யாழ் நூல்' முதற்பதிப்பை நீங்கள் தாராளமாக ஸ்கான் செய்யலாம், இணையத்தில் ஏற்றலாம். பின்னாளில் யாராவது ஆய்வுரையும் குறிப்பும் எழுதிச் சேர்த்த பதிப்பு என்றால், அந்த உரையும் குறிப்பும் அவருடையவை. மான்மியத்தின் கதையும் இதைப் போன்றதே. அதன் மூலம் பழைய ஏடு, அதற்கு உரிமையாளர் கிடையாது. ஆனால் ஏடுகளை ஒப்பிட்டு, முன்னுரையும் குறிப்பும் எழுதித் தந்த உழைப்பு பதிப்பாசிரியருடையது. 1962-இல் உயிரோடிருந்து புத்தகம் போட்டவருக்கு 70 ஆண்டு எப்படிக் கணக்கிட்டாலும் 2032-க்கு முன் முடியாது. ஆசிரியர் மறைந்த ஆண்டு தெரியாதபோது இந்தக் கணக்கு கைகொடுக்கும். வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964-இல் வந்தது. அதற்கும் இப்படியே பாருங்கள்.

அப்படியானால் அந்த மாணவிக்கு என்ன கொடுக்கலாம்? இலாப நோக்கமற்ற நூலகம் ஒன்று, கேட்டு வரும் ஒருவருக்காக, ஒரு கட்டுரையையோ சிறு படைப்பையோ நூலின் ஒரு சிறு பகுதியையோ, உரிமையாளரின் அனுமதி இல்லாமலே ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடமளிக்கிறது. படிப்புக்கோ தனிப்பட்ட ஆய்வுக்கோதான் என்பதில் நூலகம் திருப்திப்பட வேண்டும். ஒரே கோரிக்கையைத் துண்டு துண்டாக்கி, இன்றைக்கு ஓர் அத்தியாயம், நாளைக்கு அடுத்தது என்று முழுப் புத்தகத்தையும் கொடுத்து முடிப்பது ஆகாது. அந்தப் பயனுக்குக் கூட்டு உரிமம் கிடைக்கிறது என்று நூலகத்துக்குத் தெரிந்தாலோ, தெரிந்திருக்க வேண்டியதானாலோ, அதைத்தான் பெறவேண்டும். மாணவி எந்தப் பக்கங்கள், எதற்காக என்று எழுதிக் கையொப்பமிடும் ஒரு சிறு படிவம் மேசையில் இருந்தால் போதும். அதுவே பிற்காலத்தில் ஊழியருக்குப் பாதுகாப்பு.

"பத்து வீதம் வரை எடுக்கலாமாம்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நமது சட்டத்தில் அப்படி ஒரு வீதம் இல்லை. 11ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டை நான்கு கேள்விகளால் அளக்கிறது. எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள், வணிகத்துக்கா கல்விக்கா? எடுத்த படைப்பு எத்தகையது? எவ்வளவு எடுத்தீர்கள், எடுத்தது அதன் உயிரான பகுதியா? அதனால் அதன் விற்பனை பாதிக்குமா? விமர்சனம், செய்தி, ஆய்வு, வகுப்பறைக்குப் பல பிரதி எடுப்பது உட்பட்ட கற்பித்தல் எல்லாவற்றையும் அந்தப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இந்தியாவில் டில்லிப் பல்கலைக்கழக வளாகத்துப் போட்டோக் கொப்பிக் கடை ஒன்றின்மீது ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் தொடுத்த வழக்கில், பாடத் தொகுப்புக்குப் பிரதி எடுத்தது கல்விக்கான விதிவிலக்குக்குள் வரும் என்று 2016-இல் டில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆசிரியர்கள் அதைக் காட்டி முழு நூலைக் கேட்டால் மறுக்கத் தயங்காதீர்கள். தனிப்பட்ட பாவனைக்கென்றாலும் ஒரு நூலின் முழுமையையோ கணிசமான பகுதியையோ போட்டோக் கொப்பி எடுப்பதை நமது சட்டம் விலக்கி வைத்திருக்கிறது.

பாதுகாப்புப் பிரதி வேறு விடயம், அதை நூலகங்கள் போதுமானளவு பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம். 1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையும் மட்டக்களப்பின் எத்தனை வீட்டு அலுமாரிகளைக் கொண்டுபோயின என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 1981-இல் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள்; அவற்றில் சிலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. வாவிக் காற்றின் ஈரமும் உப்பும் செய்கிற வேலை மெதுவானது, ஆனால் நிற்காதது. அழியும் பிரதியைக் காப்பதற்கும், இன்னொரு நூலகத்தில் தொலைந்த அல்லது பாழான பிரதியை ஈடுசெய்வதற்கும் நூலகம் ஒரு பிரதி எடுக்கலாம். நியாயமான வழியில் வேறு பிரதி வாங்க முடியாதிருக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. கடைகளில் தேடியதை, ஆசிரியர் குடும்பத்தாரிடம் கேட்டதைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கணினியில் சேமிப்பதும் பிரதியெடுத்தல்தான் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே பாதுகாப்புக்கு எடுத்த பீ.டி.எப். கோப்பு நூலகத்துக்குள் இருக்கட்டும். அதை வட்ஸ்அப்பிலோ முகநூலிலோ போட்டால் அது பாதுகாப்பு அல்ல, பொதுமக்களுக்கு வெளியிடுதல். அதற்கு அனுமதி வேண்டும்.

அனுமதி கேட்பது மட்டக்களப்பில் கடினமான காரியமே அல்ல. இங்கே பெரும்பாலும் எழுதியவரே பதிப்பாளர். 300, 500 பிரதி சொந்தக் காசில் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் முதற்பிரதியும் சிறப்புப் பிரதியும் வாங்க யாராவது வருவார்களா என்று பார்த்திருந்து, மிஞ்சியதைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறவர். அவருடைய புத்தகம் ஒரு குறூப்பில் சுற்றத் தொடங்கினால் அந்தக் கட்டு அப்படியே கிடக்கும். அதே மனிதர், நேரில் போய்க் கேட்டால், பெரும்பாலும் மகிழ்ந்து சம்மதிப்பார்.

ஆனால் வாய்ச்சொல் போதாது. பொருளாதார உரிமைகளுக்கான உரிமம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். "எங்கட நூலகத்துக்குத்தானே, போடுங்க தம்பி" என்று தொலைபேசியில் சொன்னது, அவர் மறைந்தபின் பிள்ளைகள் கேட்கும்போது நிற்காது. அவர் கையொப்பமிட்டு அன்பளித்த பிரதியும் அப்படித்தான்: தாள் உங்களுடையது, உரிமை அவருடையதே. கடிதம் இரண்டு பந்தி போதும். எந்த நூல், எந்தப் பதிப்பு, ஸ்கான் செய்வது மட்டுமா, நூலகக் கணினியில் வாசிக்க விடலாமா, இணையத்தில் திறந்து விடலாமா, எத்தனை ஆண்டு, பின்னர் அவர் விலக்கிக்கொள்ள விரும்பினால் யாரிடம் சொல்வது. இவற்றைத் தெளிவாக எழுதி இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் இல்லையென்றால் வாரிசுகள் எல்லாரும் ஒப்பமிட வேண்டும். ஒருவர் கல்லடியிலும் ஒருவர் சுவிசிலும் ஒருவர் கனடாவிலும் இருப்பார்கள். மின்னஞ்சலில் கடிதத்தை அனுப்பி ஒப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளலாம். இணையத்தில் ஏற்றும் எண்ணமிருந்தால் முதலில் 'நூலகம்' நிறுவனத்தின் மின்நூலகத்தில் அந்த நூல் இருக்கிறதா என்று பாருங்கள். 2005 முதல் அவர்கள் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள்.

கூத்துப் பதிவுகளில் பலர் தடுமாறுகிறார்கள். வடமோடி, தென்மோடி என்ற கூத்து மரபுகள் யாருடைய தனிச் சொத்தும் அல்ல. ஆனால் அந்த மரபில் புதிதாக எழுதப்பட்ட பிரதிக்கு எழுதியவர் உண்டு, சி. மௌனகுரு எழுதி 1960களில் பேராதனையில் மேடையேறிய 'இராவணேசன்' அப்படியானது. பழைய கூத்தே ஆனாலும் களரியில் ஆடிப் பாடுகிறவர்களுக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகளுக்கு இருக்கிறது. நூலகம் ஒளிப்பதிவு செய்யுமுன் கூத்தைப் பயிற்றுவிக்கும் அண்ணாவியாரிடமும் ஆட்டக்காரர்களிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கவேண்டும். நாட்டார் வழக்காற்றை வணிகத்துக்காகவோ அதன் மரபான சூழலுக்கு வெளியிலோ பரப்புவதற்குத் தனி அனுமதி கேட்கிறது 24ஆம் பிரிவு.

பணம் கட்டிப் பெறும் மின்சஞ்சிகைகளுக்குச் சட்டத்தோடு ஒப்பந்தமும் சேர்கிறது. வெளியாருக்குக் காட்டலாமா, அச்செடுக்கலாமா, வேறு நூலகத்துக்கு அனுப்பலாமா என்பதை ஒப்பந்தத்தில் வாசியுங்கள். கடவுச்சொல்லை நண்பருக்குக் கொடுத்தால் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் இணைப்பு அறுபடலாம். கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வந்தவற்றை ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு, அந்த உரிமத்தின் நிபந்தனைப்படி கேட்காமலே பகிரலாம். பார்வையற்ற வாசகருக்காக நூலை ஒலிவடிவாக்கும் மராக்கேஷ் உடன்படிக்கையில் இலங்கை 2016-இல் இணைந்தது. அத்தகைய வாசகர் வந்தால் "முடியாது" என்று சொல்வதற்கு முன் அந்த வழியை விசாரியுங்கள்.

மீறினால் என்ன ஆகும்? தெரிந்தே மீறியவருக்கு நீதவான் நீதிமன்றம் ஐந்து இலட்சம் ரூபா வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சிவில் வழக்கில் தடையுத்தரவோடு, 50,000 முதல் பத்து இலட்சம் ரூபா வரை சட்டம் குறித்த நட்டஈடும் கேட்கலாம். அந்த வழக்குக்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டும். பாதிக்கப்பட்ட எழுத்தாளர் முதலில் நூலகத்துக்கு எழுத்தில் அறிவிக்கட்டும். யூடியூப், முகநூல் போன்றவற்றில் உரிமை முறைப்பாட்டுக்கான படிவம் இருக்கிறது. அதன்பின் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் விண்ணப்பித்து விசாரணை கோரலாம். நூலகத்துக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால் வாதாடிக்கொண்டிருக்காமல் கோப்பை அன்றே நீக்குங்கள். கடிதத்தையும் நீக்கிய நேரத்தையும் பதிந்து, பொறுப்பதிகாரியிடம் கொடுத்துவிட்டு, அனுமதிக் கோவையைத் திறந்து அந்த நூலுக்குக் கையொப்பமிட்ட கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள்.